மழை பெய்தால் மண் மணப்பது ஏன்?

கோடையில் வெடித்துக் கிடந்த தரையின் மீது முதல் மழையின் நாலு துளிகள் விழுந்தவுடன் எழும் மணத்தை அறியாதார் இலர். அம்மணம் எங்கிருந்து வருகிறது என்று வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து கேட்டுவிட்டால், 'அது மண்ணின் இயல்பு' என்று கூறி ஆசிரியர் அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுவதுண்டு. கிராமங்களில் பணியாற்றும் ஊழியரிடம் இதே வினா வேறோர் உருவில் வரும்: 'ஐயா, இவ்வாண்டு குளத்துத் தண்ணீரில் மண் வாடை அடிக்கிறது, குடிக்கலாமா?' இரண்டிற்கும் விடை ஓரிடத்திலிருந்தே பிறக்கிறது. முதல் வினாவுக்குத் தவறாக விடை கூறினால் பெருந்தீங்கு ஒன்றுமில்லை. இரண்டாவதற்குத் தவறாகக் கூறினால் ஒரு குடும்பமே நோயில் விழக்கூடும்.

தூய மழைநீருக்கு மணம் இல்லை. மணலும் களிமண்ணும் ஆன கனிப்பொருள்களுக்கும் தமக்கென்று மணம் இல்லை. மணமற்ற இரண்டு கூடும்போது மணம் பிறப்பது விந்தையே. பிரெஞ்சு ரசாயன அறிஞர் பெர்த்தலோ 1891-ஆம் ஆண்டிலேயே இதனை ஆராய்ந்தார். மண்ணில் மிக மிகச் சிறிய அளவில் உறையும் ஏதோ ஒரு கரிமப் பொருளே காரணம் என்பதற்கு மேல் அவரால் செல்ல இயலவில்லை.

1964-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அரசாங்க விஞ்ஞான ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்னும் இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வெப்பமான உலர்ந்த காற்றில் நெடுநாள் கிடந்த பாறைகளையும் களிமண்ணையும் அவர்கள் நீராவியில் வடித்தபோது, மஞ்சள் நிறமான எண்ணெய் ஒன்று சிறிதளவு கிடைத்தது. மழைக்கால மணம் அதில் இருந்தது. தாவரங்களிலிருந்தும் பிறவற்றிலிருந்தும் காற்றில் கலக்கும் எண்ணெய்ப் பொருள்களை வறண்ட காலம் முழுவதும் கல்லும் மண்ணும் உறிஞ்சி வைத்திருக்கின்றன. ஈரம் பட்டதும் அவற்றை வெளிவிடுகின்றன. இம்மணத்திற்கு அவர்கள் 'பெட்ரிகோர்' என்று பெயரிட்டனர். கிரேக்க மொழியில் கல்லைக் குறிக்கும் சொல்லையும், அந்நாட்டுப் புராணத்தில் தேவர்களின் நாளங்களில் ஓடுவதாகக் கூறப்படும் திரவத்தின் பெயரையும் இணைத்து ஆக்கிய சொல் இது.

ஆயினும் இம்மணத்தை முதலில் வடித்தவர்கள் அவர்கள் அல்லர். அதனை அவர்களே மறைக்கவில்லை. உத்தரப் பிரதேசத்து வாசனைத் தொழிலைத் தம் கட்டுரையில் குறிப்பிட்டுள்ளனர். அம்மாநிலத்தின் கன்னோசி நகரில் 'மிட்டி அத்தர்', அதாவது மண் அத்தர், இன்றும் வடிக்கப்படுகிறது. மழைக்கு முந்திய கோடை மாதங்களே அதற்குரிய பருவம். காய்ந்து சுட்ட களிமண் வில்லைகளைப் பெரிய செப்புப் பானையில் நீருடன் இட்டு, மூடியைச் சேற்றால் பூசி அடைத்து, அடியில் தீ மூட்டுவர். எழும் ஆவி மூங்கில் குழாய் வழியே சென்று, தண்ணீர்த் தொட்டியில் அமர்த்திய மற்றொரு பாத்திரத்தில் குளிர்ந்து, அதிலுள்ள சந்தன எண்ணெயில் மணத்தை இறக்கிவிடும். பரிசோதனைச்சாலையில் செய்ததும் முறையில் இதுவே. கைத்தொழிலாளர் காரணம் அறியாமலே காரியத்தை முடித்து வைத்திருந்தனர்.

எனினும் அவ்வெண்ணெய் விடையின் ஒரு பாதியே. மண்ணை உழும்போதும் கிழங்கு தோண்டும்போதும் எழும் ஆழ்ந்த மண் வாடைக்குரிய பொருளை 1965-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் நான்சி கெர்பர், ஹியூபர்ட் லெஷவாலியே ஆகியோர் பிரித்தெடுத்து 'ஜியோஸ்மின்' என்று பெயரிட்டனர். அதனை உண்டாக்குவது மண் அன்று. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள். அவற்றுள் முதன்மையானது 'ஸ்ட்ரெப்டோமைசிஸ்' என்னும் இனம். இப்பெயர் வாசகர்களுக்கு எதையோ நினைவூட்டும். காசநோய்க்கு முதன்முதல் பயனளித்த ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து, 1943-ஆம் ஆண்டில் அதே பல்கலைக்கழகத்தில், இவ்வினத்து நுண்ணுயிர் ஒன்றிலிருந்தே கிடைத்தது.

நுண்ணுயிர் ஏன் மணம் பரப்ப வேண்டும்? 2020-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதற்கு அழகான விளக்கம் தருகிறது. வாலடியில் உள்ள விற்போன்ற உறுப்பால் எம்பிக் குதிக்கும் ஆறுகால் சிற்றுயிர்கள் சில மண்ணில் உண்டு. அவை ஜியோஸ்மின் மணத்தை நாடி வந்து இந்நுண்ணுயிரைத் தின்கின்றன. தின்னும்போது அதன் வித்துக்கள் அவற்றின் உடலில் ஒட்டியும், கழிவில் கலந்தும் பிற இடங்களுக்குப் பரவுகின்றன. பூ வண்டை அழைப்பது போன்றதே இவ்வழைப்பும்.

மண்ணுள் இருக்கும் மணம் நம் மூக்கை எட்டுவது எவ்வாறு? இதனை வகுப்பிலேயே காட்டலாம். நன்கு காய்ந்த செங்கல் ஒன்றை வாளி நீரில் அமிழ்த்தினால் சரஞ்சரமாகக் குமிழிகள் எழும். செங்கல்லின் நுண்துளைகளில் நீர் புகும்போது அங்கிருந்த காற்று வெளியேறுகிறது. மழைத்துளி விழும் தரையிலும் இதுவே நிகழ்கிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் அதிவேகக் காமிராக்களால் இதனைப் படம் பிடித்து 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். துளிக்கு அடியில் சிக்கிய காற்று குமிழியாக மேலேறி வெடிக்கும்போது, கண்ணுக்குப் புலனாகாத நுண்திவலைகள் தெறித்து மணத்தைச் சுமந்து செல்கின்றன. மெல்லிய தூறலிலும் மிதமான மழையிலும் திவலைகள் மிகுதி, கனமழையில் குறைவு. அடைமழையின் நடுவே இம்மணம் தெரியாமற் போவது இதனால்தான்.

ஜியோஸ்மினை உணர்வதில் மனித மூக்கின் நுட்பம் வியக்கத்தக்கது. ஒரு லட்சம் கோடிப் பங்கு நீரில் பத்துப் பங்கு கலந்திருந்தாலே பலர் அதனை உணர்ந்துவிடுவர். ஒரு ஏக்கர் பரப்பும் 2 மீட்டர் ஆழமும் உள்ள குளம் முழுவதும் மண் வாடை வீச, ஏறக்குறைய நான்கு அரிசி மணிகளின் எடையளவு ஜியோஸ்மின் போதும்!

இங்குதான் கிராமத்தாரின் வினாவுக்கு வருகிறோம். தேங்கிய நீரில் வளரும் நீலப்பச்சைப் பாசிகள் சிலவும் இப்பொருளைச் சுரக்கின்றன. குளத்தில் கோடையில் வாடை எழுவது பெரும்பாலும் இவற்றாலேயே. நீரில் காணப்படும் அளவில் ஜியோஸ்மினால் உடலுக்குத் தீங்கு இல்லை. சாதாரண மணல் வடிகட்டியும் குளோரினும் அதனை எளிதில் நீக்கமாட்டா. பதப்படுத்திய கரி ஈர்த்துக்கொள்ளும். ஆனால் வாடைக்குத் தீங்கில்லை என்பதைக் கொண்டு குளத்துக்கும் தீங்கில்லை என்று முடிவு கட்டலாகாது. அதே பாசியினத்தில் நஞ்சு சுரப்பவையும் உள்ளன. பச்சைக் குழம்பாகப் பாசி மிதக்கும் நீரைக் காய்ச்சினாலும் அந்நஞ்சு நீங்காது. அக்குளத்தை விட்டு வேறு நீர்நிலையைத் தேடுவதே தக்கது. மறுபுறம், பளிங்குபோல் தெளிந்து எவ்வித வாடையும் இல்லாத கிணற்று நீரில் வாந்திபேதிக் கிருமிகள் நிறைந்திருக்கலாம். அவற்றை எந்த மூக்காலும் அறிய முடியாது. கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்புவதற்கும், குளோரின் இடுவதற்கும், காய்ச்சிக் குடிப்பதற்கும் வாடையை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதை மக்களுக்கு எடுத்துரைப்பது ஊழியரின் கடமை.

மீன் வளர்ப்போருக்கு இவ்வாடை வேறு வகையில் இடையூறு. நீரிலுள்ள ஜியோஸ்மின் செவுள் வழியே மீனுள் புகுந்து கொழுப்பில் தங்கிவிடுகிறது. நல்ல எடையுள்ள ரோகுவும் கட்லாவும் 'சேற்று நாற்றம்' என்று சந்தையில் ஒதுக்கப்பட்டால் உழைப்பெல்லாம் வீண். பிடித்த மீனை உடனே விற்காமல், தெளிந்த ஓடும் நீரில் சில நாட்கள் இரையிடாமல் வைத்திருந்தால் வாடை படிப்படியாகக் குறையும். எஞ்சியதை அடுக்களை கவனித்துக்கொள்ளும். அமிலம் பட்டால் ஜியோஸ்மின் சிதைந்து மணமற்ற பொருளாக மாறுகிறது. குளத்து மீனுக்குச் சற்று அதிகமாகவே புளி கரைக்கும் நம் வீட்டுப் பெண்களும், கன்னோசி அத்தர்க்காரர்களைப் போல, காரணம் கூறாமலே காரியத்தை முடித்து வருகின்றனர்.