காப்புறுதி நிறுவனங்கள் பல, மாறத்தான் வழியில்லை

கைப்பேசிச் சேவை பிடிக்கவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? எண்ணை மாற்றாமலேயே வேறு நிறுவனத்துக்கு மாறிவிடுகிறோம். 2008ஆம் ஆண்டிலிருந்து மலேசியாவில் இந்த வசதி இருக்கிறது. வாடிக்கையாளர் போய்விடுவாரோ என்ற பயம் இருப்பதால்தான் நிறுவனங்கள் விலையைக் குறைக்கின்றன, இணைய அளவைக் கூட்டுகின்றன. போட்டி என்பது இதுதான். ஆனால், நம் பெற்றோர் மாதந்தோறும் பணம் கட்டும் மருத்துவக் காப்புறுதியில் இந்தப் பயம் எந்த நிறுவனத்துக்காவது இருக்கிறதா?

கூலாயில் உள்ள எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். என் அப்பாவுக்கு வயது 54. செனாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். பதினைந்து ஆண்டுகளாக ஒரே காப்புறுதி நிறுவனத்தில் இருக்கிறார். 2024இல் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. 260 ரிங்கிட்டாக இருந்த மாதச் சந்தா 364 ரிங்கிட் ஆகும் என்று அதில் எழுதியிருந்தது. "வேற கம்பெனி பாருங்களேன்" என்றார் அம்மா. இரண்டு முகவர்களை அழைத்துப் பேசினோம். இருவரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணனுக்கு இனிப்பு நீர், ரத்த அழுத்தம் ஏதும் இருக்கா?" அப்பாவுக்கு நாற்பத்தைந்து வயதிலிருந்தே இனிப்பு நீர் உண்டு. ஒரு நிறுவனம் விண்ணப்பத்தை ஏற்கவில்லை. இன்னொன்று, நீரிழிவையும் அதனால் வரும் இருதய, சிறுநீரகக் கோளாறுகளையும் விலக்கிவிட்டுத் தருவதாகச் சொன்னது. எந்த நோய்க்காகக் காப்புறுதி தேவையோ, அதற்கே பாதுகாப்பு இல்லை!

நாட்டில் மருத்துவக் காப்புறுதி விற்கும் நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. உடல்நலத்தோடு இருக்கும் இருபது வயது இளைஞரை எல்லா நிறுவனங்களும் வரவேற்கும். நோய் வந்த பிறகு, பழைய நிறுவனம் ஒன்றுதான் மிஞ்சும். ஆக, போட்டி வாங்கும் நாளோடு முடிந்துவிடுகிறது.

இதற்கு நிறுவனங்களின் பேராசை மட்டும் காரணமில்லை. பொருளாதார நிபுணர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், 65 வயதைக் கடந்தவர்களுக்கு மருத்துவக் காப்புறுதி கிடைப்பது ஏன் கடினம் என்று விளக்கினார். சந்தா உயர்ந்தால், நலமாக இருப்பவர்கள் விலகுவார்கள், நோயாளிகள் தங்குவார்கள். அப்போது ஒவ்வொருவருக்கும் ஆகும் சராசரிச் செலவு கூடும். சந்தா மீண்டும் உயரும். மேலும் சிலர் விலகுவார்கள். இந்தச் சுழற்சிக்குப் பயந்துதான் நிறுவனங்கள் நோயாளிகளை வாசலிலேயே நிறுத்துகின்றன.

எங்களுக்கு வந்த கடிதம் பல வீடுகளுக்கும் போயிருந்தது. மக்களின் எதிர்ப்பு வலுத்தபோது, 2024 டிசம்பர் 20ஆம் தேதி பேங்க் நெகாரா சில இடைக்கால நடவடிக்கைகளை அறிவித்தது. உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும். இதனால் 80 விழுக்காட்டினருக்காவது ஆண்டு உயர்வு 10 விழுக்காட்டுக்குள் அடங்கும் என்று கூறப்பட்டது. குறைந்தபட்சத் திட்டத்தில் இருக்கும், 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஓராண்டு விலக்கு அறிவிக்கப்பட்டது. உயர்வு காரணமாக 2024இல் காப்புறுதியைக் கைவிட்டவர்கள் மீண்டும் சேரலாம் என்றும் கூறப்பட்டது. அப்பாவின் உயர்வும் இப்படித்தான் பிரித்துப் போடப்பட்டது. இது நிம்மதிதான். ஆனால், உயர்வு தள்ளிப்போனதே தவிர நீங்கவில்லை.

செலவு ஏன் ஏறுகிறது? 2024இல் மலேசியாவின் மருத்துவச் செலவு உயர்வு 15 விழுக்காடு. உலகச் சராசரியோ 10 விழுக்காடு. தனியார் மருத்துவமனைகளில் மருத்துவர் கட்டணத்துக்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டு. அறை, மருந்து, உபகரணங்கள் போன்றவற்றுக்கு அத்தகைய வரம்பு இல்லை. வலியோடு போகும் நோயாளி விலை கேட்டு ஒப்பிட்டுப் பார்ப்பாரா? தனியார் மருந்தகங்களும் மருத்துவ நிலையங்களும் மருந்து விலையைக் காட்டவேண்டும் என்ற உத்தரவே 2025 மே 1ஆம் தேதிதான் நடப்புக்கு வந்தது.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாளுகின்றன? இந்தியாவில் 2011 அக்டோபர் முதல் மருத்துவக் காப்புறுதியை வேறு நிறுவனத்துக்கு மாற்றலாம். பழைய நிறுவனத்தில் கழித்த காத்திருப்புக் காலம் புதிய இடத்திலும் கணக்கில் வரும். ஆனாலும், விண்ணப்பத்தை மறுக்கப் புதிய நிறுவனத்துக்கு உரிமை உண்டு. நெதர்லாந்து இன்னும் ஒருபடி மேலே போனது. 2006 முதல் அங்கே அடிப்படைத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் எவரையும் நிறுவனம் மறுக்க முடியாது. ஆண்டு முடிவில் யாரும் மாறிக்கொள்ளலாம். நோயாளிகள் அதிகம் உள்ள நிறுவனத்துக்குப் பொது நிதியிலிருந்து ஈடு கிடைக்கும். அதேவேளை, எல்லாரும் காப்புறுதி எடுப்பது அங்கே கட்டாயம். இளையோர் விலகி நிற்க முடியாது. மாறும் உரிமைக்கு அவர்கள் கொடுக்கும் விலை அது.

சரி, மாணவர்களாகிய நாம் என்ன செய்யலாம்? முதல் வேலை, படிப்பது. எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாருடைய கைப்பேசியையும் அலமாரியில் வைத்துவிட்டு, தொலைக்காட்சியையும் அடைத்துவிட்டு, அப்பாவின் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். காப்புறுதி பற்றி நம் பெற்றோருக்குத் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் முகவர் புலனத்தில் அனுப்பிய படமும் முப்பது விநாடிக் காணொளியும்தான். முக்கியமான விதிகள் அவற்றில் இருப்பதில்லை. திரை இல்லாத இரண்டு மணி நேரத்தில், ஆண்டு உச்சவரம்பு எவ்வளவு, எந்த நோய்க்குப் பாதுகாப்பில்லை, சந்தாவை உயர்த்த நிறுவனத்துக்கு எந்த விதி இடம் தருகிறது என்றெல்லாம் நான் வாசிக்க, அப்பா கேட்டுக்கொண்டார். பதினைந்து ஆண்டுகளில் அவர் அதைக் கேட்டது அதுவே முதல் முறை.

உங்கள் வீட்டிலும் இதைச் செய்து பாருங்கள். சில குறிப்புகள்:

சந்தா ஏறியது என்ற கோபத்தில் பழைய காப்புறுதியை உடனே நிறுத்தச் சொல்லாதீர்கள். நோய் உள்ளவருக்குத் திரும்பும் கதவு திறக்காமல் போகலாம்.

செலவில் ஒரு பங்கை நாமே ஏற்கும் திட்டத்தை எல்லா நிறுவனங்களும் 2024 செப்டம்பரிலிருந்து வழங்கியாக வேண்டும். அதில் சந்தா குறைவு. ஆனால், கைக்காசு இருந்தால்தான் அது உதவும்.

புதிதாக எடுத்தால், பத்திரம் கைக்கு வந்த 15 நாள்களுக்குள் படித்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம்.

வேலைக்குப் போனதும் முதலாளி தரும் காப்புறுதியை மட்டும் நம்பாதீர்கள். பொதுவாக, வேலையை விட்டால் அதுவும் போய்விடும்.

கூலாயில் அரசு மருத்துவமனை இருக்கிறது. வெளிநோயாளிக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். காப்புறுதியைக் கைவிடுபவர்கள் எல்லாரும் அங்கேதான் வருவார்கள். வரிசை இன்னும் நீளும். ஆகவே இது காப்புறுதி வைத்திருப்பவர்களின் பிரச்சினை மட்டுமல்ல.

அரசாங்கமும் பேங்க் நெகாராவும் இப்போது அடிப்படை மருத்துவக் காப்புறுதித் திட்டம் ஒன்றை உருவாக்கி வருகின்றன. அதன் சந்தா எவ்வளவு என்று எல்லாரும் கேட்பார்கள். வாக்களிக்கும் வயதில் இருக்கும் நாம் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கவேண்டும்: ஏற்கெனவே நோய் உள்ள ஒருவர் இதில் ஒரு நிறுவனத்தை விட்டு மற்றொன்றுக்கு மாற முடியுமா?