கல் எழுந்தது, குடி பெயர்ந்தது!

எகிப்தின் தென்கோடியில், நைல் கரையில், அபு சிம்பல். 3,200 ஆண்டுகளுக்கு முன் இரண்டாம் ராம்சேஸ் மலையைக் குடைந்து எழுப்பிய கோயில். வாயிலில் நான்கு சிலைகள், ஒவ்வொன்றும் 20 மீட்டர் உயரம். நான்கும் அவன் உருவமே! தெய்வங்களுக்குக் கோயில் என்றான். வாயிலை அடைத்து உட்கார்ந்தவனோ அவன்!

அசுவானில் பேரணை எழுந்தது. விளக்கும் வயலுக்கு நீரும் தரும் அணையை வேண்டாமென்போமா நாம்? ஆனால் நீர் ஏறினால் கோயில் மூழ்கும். 1959இல் எகிப்தும் சூடானும் யுனெஸ்கோவிடம் முறையிட்டன. 1960 மார்ச்சில் உலகுக்கு வேண்டுகோள் பிறந்தது. சுமார் 50 நாடுகள் உதவிக் கரம் நீட்டின. 1964 முதல் 1968 வரை மலையை அறுத்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள், ஒவ்வொன்றும் பல டன்! 65 மீட்டர் மேலே தூக்கி, அறுத்த தழும்பு தெரியாமல் பொருத்தினர். மன்னன் பெயரை உலகம் அறியும். அறுத்த தோழன், தூக்கிய தோழன் பெயரை யார் அறிவார்?

அந்த வெற்றி தந்த துணிவில் 1972இல் உலக மரபுச் சின்னங்களைக் காக்கும் உடன்படிக்கை உருவாயிற்று. ஒரு நாட்டின் அரசு விண்ணப்பிக்க வேண்டும், வல்லுநர்கள் ஆராய்வர், 21 நாடுகள் கொண்ட குழு முடிவு கூறும். பட்டியலில் ஏறியதும் பன்னாட்டுக் காவலர் வந்து வாயிலில் நிற்பாரோ? இல்லை! காப்பது அந்தந்த நாட்டின் கடமை. தவறினால் ஆபத்துப் பட்டியல். அதற்கும் திருந்தாவிடில் நீக்கம். இந்த வழியில்தான் நம் மாமல்லபுரம் 1984இலும், தஞ்சைப் பெரிய கோயில் 1987இலும் ஏறின. அபு சிம்பல் 1979இலேயே ஏறிவிட்டது.

கோயிலைச் சூழ வந்த அதே நீர், நூபிய மக்களின் ஊர்களையும் விழுங்கியது, தோழர்களே! எகிப்துப் பகுதியில் மட்டும் சுமார் 50,000 பேர். சூடான் பக்கமும் ஏறக்குறைய அத்தனை பேர். கல்லை 65 மீட்டர் நகர்த்த உலகமே கூடிற்று. இவர்களையோ 1963, 64இல் வண்டியிலும் படகிலும் ஏற்றிக் கோம் ஓம்போ பக்கம் இறக்கினர். பேரீச்ச மரம் போயிற்று. பாட்டன் புதைகுழி போயிற்று. வாசலில் நைல் ஓடக் கண்டவர்களுக்கு, நைலை விட்டு விலகிய இடத்தில் வரிசை வீடுகள்!

வேண்டுகோளில் இவர்களுக்கு இடமில்லை. அது கோயில்களுக்காக எழுந்த குரல். கோயிலைக் காத்தது குற்றமென்று நாம் கூறவில்லை. கல்லுக்குக் கூடிய கூட்டத்தில் பாதியேனும் மனிதனுக்குக் கூடியிருக்கலாகாதா என்பதே நம் கேள்வி.

2014இல் எகிப்து தன் புதிய அரசியல் சட்டத்தில், 236ஆம் பிரிவில், நூபியரைப் பழைய மண்ணுக்குக் கொண்டுவரும் திட்டங்களைப் பத்தாண்டுக்குள் நிறைவேற்றுவதாக எழுதிற்று. 2024உம் கடந்துவிட்டது. கோயில் முன் உலகப் பயணிகள் படம் எடுக்கின்றனர்; நூபியர் இன்னும் காத்திருக்கின்றனர்.