இறக்கை இருந்தது... எஞ்சின்தான் கிடைக்கவில்லை! பெங்களூரு மியூசியத்தில் நிற்கும் 'மாருத்' கதை

சனி, ஞாயிறு வந்துவிட்டால் ஏற்காடு கொண்டை ஊசி வளைவுகளில் 'கே.ஏ' நம்பர் பிளேட் கார்கள் வரிசைகட்டும். ஏரி, லேடீஸ் சீட், கிளியூர் அருவி என்று பெங்களூருக்காரர்கள் ஒரு ரவுண்டு வந்துவிட்டுப் போகிறார்கள். பதிலுக்கு நம்மவர்கள் பெங்களூரு போனால்? லால்பாக், ஏதாவது ஒரு மால், கமர்ஷியல் ஸ்ட்ரீட். சேலத்திலிருந்து சுமார் 200 கி.மீ. பயணம் செய்து போகிறவர்களின் லிஸ்ட்டில், ஓல்டு ஏர்போர்ட் ரோட்டில் இருக்கும் ஹெச்.ஏ.எல் விமான மியூசியம் பெரும்பாலும் இருப்பதில்லை.

சுமார் 4 ஏக்கரில், 2001-ல் திறக்கப்பட்ட மியூசியம் இது. உள்ளே பழைய போட்டோக்கள், வெட்டிப் பிளந்து காட்டப்படும் எஞ்சின்கள். வெளியே புல்வெளியில் நிஜ விமானங்கள். குழந்தைகள் நேராக மிக்-21 பக்கம் ஓடுவார்கள். ஓடட்டும். பெரியவர்கள் கொஞ்சம் போட்டோக்களைப் பார்க்கலாம். கதை அங்கேதான் இருக்கிறது.

'இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட்' என்ற பெயரில் இந்த கம்பெனி பிறந்தது 1940 டிசம்பர் 23-ல். ஆரம்பித்தவர் தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த். கைகொடுத்தது மைசூர் சமஸ்தானம். அமெரிக்காவிலிருந்து பாகங்களை வரவழைத்துப் பூட்டி, அடுத்த ஆண்டே ஒரு ஹார்லோ பயிற்சி விமானத்தைப் பறக்கவிட்டார்கள். இரண்டாம் உலகப்போர் உச்சத்தில் இருந்த நேரம். 1942-ல் நிர்வாகம் அரசின் கைக்குப் போனது. விமானம் தயாரிக்கத் தொடங்கிய இடம், நேச நாட்டு விமானங்களைப் பழுது பார்க்கும் பட்டறையாக மாறியது. இன்று நுரை பொங்கி நியூஸில் வருகிறதே பெல்லந்தூர் ஏரி... அங்கே அப்போது கேட்டலினா கடல் விமானங்கள் தண்ணீரில் வந்து இறங்கும், பழுது பார்ப்பதற்காக!

அந்தப் பட்டறை அனுபவம் வீண்போகவில்லை. போர் முடிந்ததும், லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை இனி யாரும் பயன்படுத்தக் கூடாது என்று கான்பூரில் அடித்து நொறுக்கிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவற்றைப் பறக்கும் அளவுக்கு ஒட்டுப்போட்டு, பெங்களூருக்கு ஓட்டிவந்து, முழுதாகச் சரிசெய்தது ஹெச்.ஏ.எல். 1948 நவம்பரில் அவை இந்திய விமானப்படையில் சேர்ந்தன. 20 ஆண்டுகள் பறந்தன. அப்படி நாம் உயிர்கொடுத்த ஒரு லிபரேட்டர், இன்று பிரிட்டனின் ராயல் ஏர்ஃபோர்ஸ் மியூசியத்தில் நிற்கிறது. காயலான் கடை சரக்கு என்று ஒதுக்கியவர்களே வாங்கி வைத்திருக்கிறார்கள்!

1951-ல் டாக்டர் வி.எம்.காட்கே குழு வடிவமைத்த ஹெச்.டி-2 பயிற்சி விமானம் பறந்தது. நம் ஊரிலேயே வரைந்து, நம் ஊரிலேயே செய்தது. இந்தியாவில் பல விமானிகள் இதில்தான் ஓட்டப் பழகினார்கள். இதுவும் மியூசியத்தில் இருக்கிறது.

ஆனால், நின்று பார்க்க வேண்டியது மாருத்தை.

'மாருதம்' என்றால் காற்று. பெயர்க் காரணம் அதுதான். உலகப்போரில் ஜெர்மனியின் புகழ்பெற்ற ஃபோக்க வுல்ஃப்-190 போர் விமானத்தை வடிவமைத்த குர்ட் டாங்க், 1956-ல் பெங்களூரு வந்து உருவாக்கியது. முதலில் அதே அளவில் மரத்தில் ஒரு கிளைடர் செய்து, 1959-ல் டகோட்டா விமானத்தில் கயிறு கட்டி இழுத்துப்போய்ப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். 1961 ஜூன் 17-ல் நிஜ மாருத்தை முதன்முதலில் ஓட்டியவர், சோதனை விமானி சுரஞ்சன் தாஸ்.

ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகம் என்பதுதான் திட்டம். உடல் அதற்குத் தயார். எஞ்சின்தான் அமையவில்லை. எதிர்பார்த்த சக்தி வாய்ந்த ஆர்ஃபியஸ் எஞ்சினை உருவாக்கச் செலவில் பங்கு கேட்டது பிரிட்டன். இந்தியா தரவில்லை, திட்டமே கைவிடப்பட்டது. எகிப்து செய்துகொண்டிருந்த எஞ்சினைப் பொருத்திப் பார்க்க ஒரு மாருத் அங்கேயே அனுப்பப்பட்டது. அதுவும் கைகூடவில்லை. கடைசியில், சக்தி குறைந்த இரண்டு ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்களோடுதான் காலம் தள்ளியது மாருத்.

எஞ்சினின் பின்பக்கம் எரிபொருளைக் கூடுதலாக எரித்து வேகத்தைக் கூட்டும் ஏற்பாட்டுடன் ஒரு மாருத் தயாரானது. 1970 ஜனவரி 10-ல் அதை ஓட்டிக் கிளம்பிய சுரஞ்சன் தாஸ், விபத்தில் உயிரிழந்தார்.

அதற்கு அடுத்த ஆண்டு நடந்த போரில், ராஜஸ்தான் பக்கம் தரைத் தாக்குதலில் மாருத் நன்றாகவே வேலை செய்தது. மொத்தம் 147 விமானங்கள். 1990-வாக்கில் ஓய்வு. தோற்ற விமானம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. முழு பலத்தைக் காட்ட வாய்ப்பே கிடைக்காத விமானம்.

மியூசியத்துக்குள் வரிசையாக வைத்திருக்கும் எஞ்சின்களை, மாருத்தைப் பார்த்துவிட்டு வந்து இன்னொரு முறை பாருங்கள். வேறு மாதிரி தெரியும். சென்னை எம்.ஐ.டி-யில் படித்து முடித்த அப்துல் கலாம், ஹெச்.ஏ.எல்-லில் பயிற்சியாளராகச் சேர்ந்து செய்ததும் எஞ்சின் ஓவர்ஹால் வேலைதான். இன்றைக்கும் நம் தேஜஸ் பறப்பது அமெரிக்க ஜி.இ. எஞ்சினில். அது வந்து சேரத் தாமதமானதால், தேஜஸ் மார்க்-1ஏ டெலிவரி தள்ளிப்போன செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள்.

குடும்பத்தோடு போனால் இரண்டு, மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். திறந்திருக்கும் நேரத்தைக் கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. விமானங்கள் திறந்தவெளியில் நிற்பதால், தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் அவசியம்.

ஓல்டு ஏர்போர்ட் ரோட்டையும் ஓல்டு மெட்ராஸ் ரோட்டையும் இணைக்கும் ஒரு சாலை அங்கே இருக்கிறது. திரும்பும்போது அந்த வழியாக வந்து டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால், போர்டைக் கவனியுங்கள். சுரஞ்சன் தாஸ் ரோடு என்று எழுதியிருக்கும்.