டெபாசிட் ரசீதும் ஓர் ஒப்பந்தமே

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உப்பள வேலை நின்றுவிடும் மரக்காணம் கடற்கரையில், கோடைக் கூலியில் மிச்சம் பிடித்ததுதான் மழைக்காலத்துக்குக் கைகொடுக்கும். அச்சேமிப்பை நிதி நிறுவனத்தில் கட்டும்போது, குறித்த நாளில் முதலும் வட்டியும் தரப்படும் என்ற உறுதிமொழியைத் தாங்கிய ரசீது ஒப்பந்தத்துக்குச் சான்றாகிறது. முதிர்வு நாளில் பணம் வராவிட்டால் அது ஒப்பந்த மீறல் என்பதால், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு இழப்பீடு கோரும் உரிமையை அளிக்கிறது.

ஆயினும், தனியொருவர் உரிமையியல் வழக்கில் வென்று டிகிரி எனப்படும் தீர்ப்பாணையைப் பெற்றாலும், நிறுவனத்தின் பெயரில் சொத்து எஞ்சியிருந்தால்தான் பணம் கைக்கு வரும். இக்குறையைப் போக்கவே தமிழ்நாடு 1997இலும் புதுச்சேரி 2004இலும் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டங்களை இயற்றின. இவற்றின்படி நிறுவனத்தின் சொத்துகளை அரசு இடைக்காலமாக ஜப்தி செய்யவும், தனி நீதிமன்றம் அதை உறுதிசெய்தபின் அவற்றை விற்றுவரும் தொகையைப் பணம் கட்டியவர்களுக்குப் பகிர்ந்தளிக்கவும் வழியுண்டு.

இந்த அதிகாரத்துக்கு எதிரான வழக்கொன்று புதுச்சேரியிலேயே எழுந்தது. உறுப்பினர்களிடம் மட்டுமே டெபாசிட் பெறக்கூடிய ‘நிதி’ வகையைச் சேர்ந்த பி.என்.எல். நிதி லிமிடெட் பணத்தைத் திருப்பித் தரத் தவறியதைத் தொடர்ந்து, அதனோடு தொடர்புடைய நியூ ஹொரைசன் சர்க்கரை ஆலையின் சொத்து ஜப்திக்கு உள்ளானது. கம்பெனிகளும் வங்கித் தொழிலும் மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டவை என்பதால் புதுச்சேரிச் சட்டம் செல்லாது என ஆலை வாதிட்டது. தமிழ்நாட்டுச் சட்டத்தை 2011இல் கே.கே. பாஸ்கரன் வழக்கில் ஏற்றிருந்த உச்ச நீதிமன்றம், டெபாசிட்தாரரைக் காப்பதே அச்சட்டத்தின் சாரம் எனக் கருதி, 2012இல் புதுச்சேரிச் சட்டத்தையும் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

விழுப்புரம் மாவட்டத்துக் குயிலாப்பாளையம் போன்ற எல்லையோர ஊர்களில், வழக்கை எங்கே தொடுப்பது என்பதும் ஒரு கேள்வியாகிறது. புதுச்சேரியில் பணம் கட்டியவர், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி நிறுவனம் இயங்கும் இடத்திலோ வழக்குக்குரிய காரணம் எழுந்த இடத்திலோதான் வழக்குத் தொடுக்க முடியும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, அவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிட இடந்தருகிறது. உரிமையியல் வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டுகளும் நுகர்வோர் முறையீட்டுக்கு 2 ஆண்டுகளுமே காலவரம்பு என்பதால், ‘அடுத்த மாதம் தருகிறோம்’ என்ற வாய்மொழியை நம்பிக் காத்திருப்பவர் பணத்தோடு உரிமையையும் இழக்க நேரலாம்.