வாசலில் நிற்க உறவு வேண்டாம்

1981ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் தேதி லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் டயானாவின் திருமணம் நடந்தது. மணமகளுடன் சென்ற ஐந்து தோழிப் பெண்களில் ஆகச் சிறியவருக்கு வயது ஐந்து. கிளமென்டைன் ஹாம்புரோ என்ற அந்தச் சிறுமி, டயானா துணை ஆசிரியையாக வேலை பார்த்த ‘யங் இங்கிலாந்து’ பாலர் பள்ளியின் மாணவி.

தமிழ்த் திருமணத்தில் ஒரு மாணவிக்கு இப்படி இடம் கிடைக்குமா? நம் சடங்குகளில் பலவும் உறவுமுறையோடு பிணைந்தவை. மணமகளின் சகோதரன் மாப்பிள்ளைத் தோழனாக நிற்பார். பல குடும்பங்களில் தாலியின் மூன்றாம் முடிச்சு நாத்தனாருக்கு உரியது. தாய்மாமனுக்கும் தனி மரியாதை உண்டு. இவற்றில் வெளியார் நுழைய முடியாது.

ஆனால், மண்டப வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனமும் குங்குமமும் கற்கண்டும் கொடுத்து வரவேற்கும் வேலைக்கு எந்த உறவும் தேவையில்லை. பெரும்பாலும் அது பிள்ளைகளின் வேலை. எனக்கும் அந்த வாய்ப்பு ஒருமுறை கிடைத்தது.

அப்போது நான் அங் மோ கியோவில் தொடக்கநிலை இரண்டில் படித்துக்கொண்டிருந்தேன். பல வகுப்புகளிலிருந்து வந்து சேர்ந்தும் தமிழ்ப் பாடத்துக்கு நாங்கள் ஒன்பது பேர்தான். எங்கள் தமிழாசிரியை பெற்றோரிடம் அனுமதி கேட்டு, எங்களில் நால்வரைத் தம் திருமணத்தில் வாசலில் நிற்கவைத்தார். சிராங்கூன் சாலையில் ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலை ஒட்டிய கோவிந்தசாமிப் பிள்ளை திருமண மண்டபம். என் கையில் பன்னீர்ச் செம்பு.

முந்திய வாரமே வகுப்பில் பயிற்சி கொடுத்திருந்தார். “முகத்துல தெளிக்கக் கூடாது. யார் வந்தாலும் முதல்ல ‘வாங்க’ன்னு சொல்லணும். அப்புறம்தான் பன்னீர்.”

வீட்டில் நாங்கள் பேசியது பெரும்பாலும் ஆங்கிலம். அன்று காலை முன்பின் தெரியாத எத்தனையோ பேரிடம் ‘வாங்க’ என்றேன். எல்லாரும் தமிழிலேயே பதில் சொன்னார்கள். ஒரு பாட்டி நின்று, “நீ யார் வீட்டுப் பொண்ணு?” என்று கேட்டார். டீச்சரிடம் படிப்பதாகச் சொன்னேன். “அப்ப நீயும் பொண்ணு வீட்டுக்காரிதான்,” என்றவர், முகூர்த்த நேரத்தில் என்னை முன்வரிசைக்கு அழைத்துப்போய்க் கையில் அட்சதை கொடுத்தார். அட்சதை, நாத்தனார் என்ற சொற்களை நான் முதலில் கேட்டது அங்கேதான். அவற்றை நான் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் ஆக அதிகமாகத் தமிழ் பேசுவோர், ஐந்தும் அதற்கு மேலும் வயதுள்ள சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காட்டினர் மட்டுமே. பல பிள்ளைகளுக்குத் தமிழ் என்றால் பாடநூலும் வாய்மொழித் தேர்வும்தான். தேர்வில் பிள்ளை பேசுவதற்கு மதிப்பெண் உண்டு. வாசலில் பேசினால் எதிரில் இருப்பவர் சிரிக்கிறார், நலம் விசாரிக்கிறார், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கிறார். மொழி எதற்கு என்பது பிள்ளைக்கு அப்போதே புரிந்துவிடுகிறது.

இப்போது என் வயது நண்பர்கள் பலர் அண்ணன், அக்கா திருமணங்களுக்குத் தயாராகிறார்கள். வாசலில் நிற்க ஆள் தேடும்போது உறவினர் பிள்ளைகளோடு பக்கத்து வீட்டுப் பிள்ளையையும், துணைப்பாட வகுப்பில் நீங்கள் சொல்லிக்கொடுக்கும் மாணவரையும் கூப்பிடுங்கள். செம்பைக் கொடுப்பதற்கு முன் ‘வாங்க’ என்று சொல்லவும் பழக்கிவிடுங்கள்.