காரின் வாலில் வெண்புகை ஏன்?

ஊட்டியில் ஜனவரி மாதத்து விடியற்காலை. புல்லில் உறைபனி. காரை ஸ்டார்ட் செய்ததும் சைலன்சர் குழாயிலிருந்து வெள்ளை வெளேரென்று புகை கிளம்புகிறது. எஞ்சின் கெட்டுவிட்டதோ என்று வயிற்றைக் கலக்கும். கலங்க வேண்டியதில்லை, அது தண்ணீர்.

பெட்ரோலில் கார்பனும் ஹைட்ரஜனும் இருக்கின்றன. எரியும்போது அந்த ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது! கோடையிலும் அதே அளவுதான். ஆனால் நீராவி கண்ணுக்குத் தெரியாத வாயு. வெப்பக் காற்றில் அப்படியே கரைந்து போய்விடும். குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாது. மிஞ்சியது நுண்துளிகளாகத் திரள்கிறது. நாம் பார்ப்பது அந்தத் துளிகளைத்தான். கொதிக்கும் கெட்டிலின் மூக்கை உற்றுப் பாருங்கள்: வாயை ஒட்டிக் கொஞ்சம் வெற்றிடம்போலத் தெரியும், அதற்கப்பால்தான் வெண்மை தொடங்கும். அந்த வெற்றிடத்தில் இருப்பதே உண்மையான நீராவி.

சைலன்சரும் குளிர்ந்திருந்தால் குழாய்க்குள்ளேயே நீர் கோத்து, நுனியில் சொட்டும். எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் வெண்மை பெரும்பாலும் குறையும். கடுங்குளிரில் மட்டும் நீடிக்கலாம்.

வெயில் ஏறிய பிறகும் அடர்ந்த வெண்புகை, கூடவே இனிப்பு வாடை என்றால், கூலன்ட் எஞ்சினுக்குள் கசிகிறது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. மூடிய ஷெட்டுக்குள் மட்டும் எஞ்சினை ஓடவிடவே கூடாது: வெண்மையோடு நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடும் வருகிறது, அது உயிரைக் குடிக்கும்.