முதற் கருவி எது?

சென்ற மார்கழியில் ஓர் இரவு. டில்லிக் குளிருக்குப் பயந்து கதவைச் சாத்திவிட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் கீழ்த்தளத்தில் இருக்கும் தம்பி ஒருவன் கதவைத் தட்டினான். முதலாண்டு மாணவன்; திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. உள்ளே வந்து உட்கார்ந்தவன் சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டான்:

"அண்ணே, நீங்க கெமிஸ்ட்ரி படிக்கிறீங்க. ஒரு யோசனை சொல்லணும். புதுசா ஆரம்பிக்கிறவனுக்கு ஏத்த மாதிரி, விலை குறைச்சலா, ஒரு வேப் எது வாங்கலாம்?"

விஞ்ஞான மாணவனிடம் யாரேனும் ஒரு கருவியைப் பற்றிக் கேட்டுவிட்டால் போதும். கேட்டவன் ஏன் கேட்டான் என்பதை மறந்துவிட்டுக் கருவியை விளக்கத் தொடங்கிவிடுவான். நானும் அந்தப் பிழையைத்தான் செய்தேன். ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்து ஒரு மணி நேரம் பேசினேன். கேட்க வேண்டிய கேள்வியைக் கடைசியில்தான் கேட்டேன். அவன் அனுமதி பெற்று, அன்று பேசியவற்றை இங்கே எழுதுகிறேன். அவன் வாய்விட்டுக் கேட்டதை மனத்திலேயே வைத்துக்கொண்டிருப்பவர் நம்மிடையே பலர் இருக்கலாம் அல்லவா?

வேப் என்று மாணவர்கள் வழங்கும் மின் சிகரெட்டில் புகை இல்லை, ஆவிதான் உண்டு. புகையிலையைக் கொளுத்தாமல் நிக்கோட்டினை மட்டும் உள்ளே இழுக்க முடியுமா என்ற எண்ணம் பழையது. ஹெர்பர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்கர் 1963இல் இப்படி ஒரு கருவிக்குக் காப்புரிமை கேட்டு, 1965இல் பெற்றார். ஆனால் அது சந்தைக்கு வரவில்லை. 2003இல் ஹான் லிக் என்ற சீன மருந்தியலார் உருவாக்கிய கருவியே இன்றைய வகைகளுக்கெல்லாம் மூதாதை. அவரும் புகைப்பவர், அவர் தந்தை நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்.

கருவியின் உறுப்புக்கள் நான்கே. ஒரு லிதியம் பாட்டரி. மெல்லிய உலோகக் கம்பிச் சுருள். அச்சுருளைத் தொட்டுக்கொண்டிருக்கும் பஞ்சுத் திரி. திரி ஊறும் திரவம். திரவத்தில் இருப்பவை கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால், நிக்கோட்டின், வாசனைப் பொருள்கள். நம் வீட்டுக் குத்துவிளக்கில் திரி எண்ணெயை மேலே இழுப்பது போலவே இங்கும் திரி திரவத்தை இழுக்கிறது. சுடருக்குப் பதிலாகச் சூடான கம்பி இருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

எவ்வளவு சூடு என்பதைக் கணக்கிடுவது எளிது. மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தால் ஆற்றல் வரும். பாட்டரி 3.7 வோல்ட், சுருளின் தடை 1.2 ஓம் என்று கொண்டால் ஏறத்தாழ 11 வாட். தடை 0.4 ஓமாகக் குறைந்தால் ஆற்றல் 34 வாட்டாக ஏறிவிடும். புரொப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரி சென்டிகிரேடிலும், கிளிசரின் 290 டிகிரியிலும் கொதிக்கும். திரி ஈரமாக இருக்கும்வரை சூடு இந்த எல்லைக்குள் அடங்கியிருக்கும். திரி உலர்ந்துவிட்டாலோ, ஆற்றல் மிகுந்துவிட்டாலோ சூடு எல்லை கடக்கும், கிளிசரின் சிதைந்து அக்ரோலின் என்னும் நச்சுப் பொருள் தோன்றும், ஃபார்மால்டிஹைடும் தோன்றும். எண்ணெய் தீய்ந்த கடாயின் மேல் குனிந்து மூச்சிழுத்தவர்களுக்கு அக்ரோலினை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

"அப்படின்னா, சூடு கம்மியா இருக்கிற கருவியா வாங்கினால் போச்சு!" என்றான் தம்பி.

அவன் சொன்னது தவறன்று. இங்கிலாந்தில் ஒருவன் இதே கேள்வியைக் கேட்டால் விடை கூறிவிடலாம். திரும்பத் திரும்ப மின்னேற்றவும், திரவம் நிரப்பவும் கூடிய சிறு கருவி. 1 ஓமோ அதற்கு மேலோ தடையுள்ள சுருள். 10 முதல் 15 வாட் வரை ஆற்றல். புதியவனுக்கு அது போதும். அங்கே ஒரு மில்லிலிட்டர் திரவத்தில் 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கோட்டின் இருக்கக்கூடாதென்று சட்டமுண்டு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகைகளை 2025 ஜூன் முதல் நாளிலிருந்து விற்கக்கூடாதென்றும் தடுத்துவிட்டார்கள். புகைப்பதை விட விரும்பும் பத்து லட்சம் பேருக்கு வேப் கருவிகள் வழங்கும் திட்டத்தை அந்நாட்டு அரசே 2023இல் அறிவித்தது. அதற்கு ஆதாரமும் உண்டு. 2019இல் அங்கே வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், வேப் வழியாக முயன்றவர்களில் 18 சதவிகிதத்தினர் ஓராண்டுக்குப் பின்னும் சிகரெட்டைத் தொடாதிருந்தனர். நிக்கோட்டின் பசை, ஒட்டுத்தாள் முதலியவற்றால் முயன்றவர்களில் அவ்வாறு இருந்தவர்கள் 9.9 சதவிகிதத்தினர். உண்மையை மறைத்து அறிவுரை கூறுவது விஞ்ஞானமாகாது. ஆகவே இதையும் தம்பியிடம் சொன்னேன்.

ஆனால் நாம் இருப்பது இந்தியாவில். இங்கே 2019 செப்டம்பர் 18ஆம் நாள் அவசரச் சட்டமும், அவ்வாண்டு டிசம்பரில் பாராளுமன்றச் சட்டமும் வந்தன. மின் சிகரெட்டை உற்பத்தி செய்வது, இறக்குமதி செய்வது, கொண்டு செல்வது, விற்பது, விநியோகிப்பது, விளம்பரம் செய்வது யாவும் குற்றம். நிக்கோட்டின் இல்லாத வகைக்கும் இது பொருந்தும். முதல் முறைக்கு ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இருப்பு வைக்க இடம் கொடுப்பவனுக்கும் ஆறு மாதம் வரை சிறையோ, ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. இழுப்பதைக் குற்றமென்று தனியாகக் கூறும் பிரிவு இச்சட்டத்தில் இல்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து ஒன்றைத் தருவித்தால் அது இறக்குமதி; நண்பர்களுக்கும் சேர்த்து நான்கு வாங்கிப் பிரித்துக் கொடுத்தால் அது விநியோகம். விடுதி மாணவன் அறியாமலே வழுக்கி விழும் இடம் இதுதான்.

தண்டனையை விடவும் என்னை உறுத்துவது வேறொன்று. தடை செய்யப்பட்ட பொருளுக்குத் தரக் கட்டுப்பாடு கிடையாது. மறைவாக விற்கப்படும் கருவி மலிவாக இருக்கிறதென்றால் எதைக் குறைத்து மலிவாக்கினார்கள்? கண்ணுக்குத் தெரியும் வர்ணத்தையோ பளபளப்பையோ குறைத்திருக்க மாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாதவற்றில்தான் கை வைக்க முடியும்.

முதலாவது பாட்டரி. மின்குறுக்கு ஏற்பட்டால் துண்டிக்கவும், மின்னேற்றம் நிறைந்தால் நிறுத்தவும் ஒரு சிறு காப்புச் சுற்று வேண்டும். அதை விட்டுவிட்டாலும் கருவி வேலை செய்யும், ஒரு நாள் தீப்பற்றும்வரை. இரண்டாவது உலோகம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆராய்ச்சியாளர்கள் ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகைகள் சிலவற்றைச் சோதித்து 2025இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆவியில் ஈயமும் நிக்கலும் கண்டார்கள். சில கருவிகளில் ஈயம் கலந்த வெண்கல உறுப்புக்களிலிருந்தே ஈயம் திரவத்தில் கரைந்திருந்தது. மூன்றாவது திரவம். 2019இல் அமெரிக்காவில் வேப் இழுத்த பலர் நுரையீரல் சிதைந்து மருத்துவமனைகளில் சேர்ந்தனர். 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் பாதிக்கப்பட்டு, 68 பேர் இறந்திருந்தனர். பெரும்பாலும் அது கஞ்சாச் சத்துக் கலந்த திரவத்தால் வந்தது. வைட்டமின் ஈ அசிட்டேட் என்னும் கலப்படப் பொருளே முதன்மையான காரணமென்று கண்டார்கள். அந்தத் திரவங்கள் பெரும்பாலும் கடைகளில் வாங்கியவை அல்ல. நண்பர்களிடமும் தெருவிலும் வாங்கியவை.

நான்காவதாக ஒன்று உண்டு. அது குறையன்று, கெட்டிக்காரத்தனம். நிக்கோட்டின் ஒரு காரப்பொருள். காரநிலையில் அது தொண்டையைக் கடுமையாக எரிக்கும். புதியவன் இருமிவிட்டு எறிந்துவிடுவான். பழகாத தொண்டை இவ்வாறு நமக்கு வாயிற்காவலனாக இருக்கிறது. 2015க்குப் பின் பரவிய வகைகளில் பென்சாயிக் அமிலம் போன்றதைச் சேர்த்து நிக்கோட்டினை உப்பாக்கிவிடுகிறார்கள். எரிச்சல் அடங்கிவிடுகிறது, மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் இருந்தாலும் மாம்பழ வாசனையோடு வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. காவலனைத் தூங்க வைத்துவிட்டுத் திருடன் நுழைவது போலத்தான். நுரையீரலிலிருந்து மூளைக்குச் செல்ல அதற்குச் சில விநாடிகளே போதும். புதியவனுக்கு ஏற்றது என்று விற்கப்படும் மென்மையான வகை புதியவனை விரைவில் பழையவனாக்குவதற்கே ஏற்றது.

இவ்வளவும் சொல்லி முடித்து, தாளின் இரு பக்கமும் நிறைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. "ஆமாம் தம்பி, உனக்கு எதற்கு இது?" என்று கேட்டேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "பங்குனியில அம்மா ஊர்லேருந்து வர்றாங்க அண்ணே. இங்க வந்த புதுசுல, குளிருக்கு இதமா இருக்கும்னு பசங்க கொடுத்தாங்க. இப்ப ஒரு நாளைக்கு ஆறு சிகரெட் ஆயிடுச்சு. வேப்புன்னா வாசனை வராதாமே?"

அவன் தேடியது கருவியன்று. ஒளிந்துகொள்ள ஓர் இடம். ஒரு மணி நேரம் ஓம், வாட் என்று பேசிய எனக்கு வெட்கமாக இருந்தது.

"வாசனை தெரியாமலிருக்க வேண்டுமா, சிகரெட்டே இல்லாமலிருக்க வேண்டுமா?" என்றேன். வெகு நேரம் கழித்து, "இல்லாமலிருந்தா நல்லதுதான்" என்றான்.

அதன்பின் பேச்சு எளிதாயிற்று. நிக்கோட்டின் மெல்லுபசை இந்நாட்டில் சட்டப்படி கிடைப்பது. மருந்துக் கடையில் 2 மில்லிகிராம் அளவில் வாங்கலாம். அதன் இரசாயனம் வேப் திரவத்துக்கு நேர் எதிரானது. அங்கே அமிலம் சேர்க்கிறார்கள். இங்கே சோடியம் கார்பனேட் போன்ற காரம் சேர்க்கிறார்கள். காரநிலையிலுள்ள நிக்கோட்டின் கன்னத்தின் உட்தோல் வழியாக மெல்ல மெல்ல இரத்தத்தில் சேரும். தவிப்பு அடங்கும், ஆனால் சில விநாடிகளில் தலைக்கேறும் கிறுக்கம் இராது. சாதாரண மிட்டாய் போல் விடாமல் மெல்லக்கூடாது. சுரீரென்று உறைக்கும்வரை மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி, உறைப்பு அடங்கியபின் மீண்டும் மெல்ல வேண்டும். ஒரு பசை அரை மணி நேரம் வரும். காப்பியோ பழச்சாறோ குடித்த கால் மணி நேரத்துக்குள் மென்றால் வாயிலுள்ள அமிலம் நிக்கோட்டின் சேர்வதைத் தடுத்துவிடும். காப்பியை விட முடியாத நம்மவர்கள் இதை மறக்கலாகாது. பன்னிரண்டு வாரங்களில் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்துவது வழக்கம். இதய நோயோ வேறு நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

"பேசி யோசனை கேட்க யாராவது இருக்காங்களா?" என்றான். அவன் சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டியை வாங்கித் திருப்பிக் காட்டினேன். புகையிலையை விட உதவும் தேசியத் தொலைபேசி எண், 1800-11-2356, அதிலேயே அச்சிட்டிருந்தது. கட்டணம் கிடையாது. 2016இல் அந்தச் சேவை தொடங்கிய இடம் வல்லபாய் படேல் மார்பு நோய் நிலையம். நம் வடக்கு வளாகத்திலேயே, நாம் நாள்தோறும் கடந்து செல்லும் சாலையில் இருக்கிறது அந்நிலையம். ஒரு நாளைக்கு ஆறு முறை அந்த எண்ணைக் கையில் எடுத்தவன் ஒரு முறையும் அதைப் படித்ததில்லை!

மறுநாள் நானே உடன் சென்று பசை வாங்கிக் கொடுத்தேன். இரண்டு முறை தவறினான். இரண்டு முறையும் தானே வந்து சொன்னான். தேர்வு நாட்களில் எரிந்து விழுந்தான், பொறுத்துக்கொண்டோம். பங்குனியில் அவன் அம்மா வந்தார். எங்கள் எல்லோருக்கும் முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்தார். பிள்ளை எந்நேரமும் எதையோ மெல்லுகிறானே என்று அவர் கேட்டபோது, அவனே எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். இதை எழுதும் இன்று ஒரு நாளைக்கு ஒரு பசையில் நிற்கிறான்.

நண்பர்களே, முதற் கருவி எது என்று உங்களிடம் யாரேனும் கேட்டால், எனக்கு ஆன ஒரு மணி நேரம் உங்களுக்கு ஆக வேண்டாம். எதற்காக என்று முதலில் கேளுங்கள். இதுவரை புகைக்காதவன் என்றால் அவன் வாங்க வேண்டியது ஒன்றுமில்லை; அதைவிட மலிவானது உலகில் கிடையாது. புகைப்பவன் என்றால் அந்தப் பெட்டியை வாங்கித் திருப்பிக் காட்டுங்கள். பிறகு மருந்துக் கடை வரையில் அவனோடு கூடவே நடந்து செல்லுங்கள்.